வண்டியில் ஒரே ஆள்

அக்கா, என்னை இங்கே ஜெராக்ஸ் என்று கூப்பிடுவார்கள். வயது இருபத்தாறு. அருவிக்குப் போகும் மலைச்சாலையில், இரண்டாவது ஏரிக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெயில் இதமாக இருக்கிறது. பயணிகள் இறங்கிப் போய் ஏரியைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று அவசரம் இல்லை, நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ரொம்ப நல்ல டிரைவர் என்று ஒரு அம்மா பாராட்டிவிட்டுப் போனார்.

இது உங்கள் தம்பியின் எண்ணிலிருந்து வருகிறதே என்று குழம்ப வேண்டாம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எழுதுகிறேன் என்றால் கையால் அல்ல. நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. சாதாரணமாகப் பேசினால் அது கண்டபடி எழுதிவைக்கும். செய்தி வாசிக்கிறவர் மாதிரி வார்த்தை வார்த்தையாகச் சொன்னால்தான் அதற்குப் புரிகிறது. போன மழைக்காலத்தில் நீங்கள்கூடக் கேட்டீர்கள், "என்னடா, திடீர்னு பாடப் புத்தகம் மாதிரி எழுதுற? அங்க யாராவது தமிழ் வாத்தியார் கையில சிக்கிட்டியா?" என்று. நான் ஒரு சிரிக்கும் பொம்மையை அனுப்பினேன். அன்றைக்கு நீங்கள் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாவற்றையும் அப்போதே சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை.

என் குரலை நீங்கள் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுத்து. எழுத்தில் எல்லார் குரலும் ஒன்றுதான்.

எனக்குப் பெயர் வைத்தவர் எங்கள் அறையில் இருந்த பேக்கரிக்காரர். உங்கள் தம்பி ஒரிஜினல், நான் ஜெராக்ஸ். வீடியோ காலில் அதைக் கேட்டுவிட்டு நீங்களும் சிரித்திருக்கிறீர்கள். காரணம் மட்டும் உங்களுக்குத் தெரியாது. என்னை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து விட்ட ஏஜென்ட் கொடுத்த வேலை அனுமதி, வந்த கொஞ்ச நாளிலேயே செல்லாது என்று தெரிந்துவிட்டது. உங்கள் தம்பியிடம் உண்மையான வேலை அட்டை இருந்தது. ஒருநாள் அவனுக்குக் கடும் காய்ச்சல். வேலைக்குப் போகாவிட்டால் சுற்றுலா ஆபீஸில் வேறு டிரைவரைப் போட்டுவிடுவார்கள். அவன் படுத்த இடத்திலிருந்தே தன் பழைய கண்ணாடியை எடுத்து என் மூக்கில் மாட்டிப் பார்த்தான்.

"அட, தாடியோட பாத்தா நீ நான்தான்டா" என்றான்.

"மேனேஜர் கண்டுபிடிச்சிட்டா?"

"அவர் என்னைக்குடா என் முகத்தைப் பாத்திருக்கார்? அட்டையைப் பாப்பார், கிலோமீட்டரைப் பாப்பார். போ, போயிட்டு வா."

போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்களைப் போல வேலைக்கு வந்தவர்களின் முகத்தை இங்கே யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அன்றிலிருந்து ஒருநாள் அவன், ஒருநாள் நான். அவனுடைய கண்ணாடிக்கு ஜோடியாக அதே மாதிரிச் சட்டத்தில் பவர் இல்லாத கண்ணாடி ஒன்று எனக்கு வாங்கினோம். ஒரு அட்டை, இரண்டு ஆள். மேனேஜர் மட்டும் அவ்வப்போது ஆச்சரியப்படுவார். "ஏம்ப்பா, உனக்கு உடம்பா இரும்பா? லீவுன்னு ஒண்ணு இருக்கிறதாவது தெரியுமா?"

இதில் ஒரு ஒழுங்கு வேண்டும். சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு வருகிறவன், அன்றைக்கு நடந்ததையெல்லாம் மற்றவனுக்கு ஒப்பிக்க வேண்டும். மேனேஜர் என்ன ஜோக் சொன்னார், எந்தப் பயணி வாந்தி எடுத்தார், கேட் காவலரின் மகளுக்கு என்ன பரீட்சை, எல்லாம். உங்கள் தம்பி ஒருமுறை கதவில் விரலை நசுக்கிக்கொண்டான். மறுநாள் நான் அதே விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு போனேன். கியர் போடும்போது வலிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தெருவில் நடக்கக் கூடாது. ஒருவன் வெளியே என்றால் ஒருவன் அறைக்குள்.

அறைக்குள் இருந்த நாட்களில்தான் உங்கள் வீட்டை நான் தெரிந்துகொண்டேன். போனை அவன் விட்டுவிட்டுப் போவான். அம்மா அனுப்பும் குரல் செய்திகளைக் கேட்டுவைத்து அவனிடம் சொல்வது என் வேலை. கட்டிலில் படுத்து ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்பேன். கடைசியில் எப்போதும், "அந்தப் பையன் சாப்ட்டானா, கேட்டேன்னு சொல்லு" என்பார். அந்தப் பையன் நான்தான். என் அம்மா நான் சின்னவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அப்பாவுக்கு வேறு குடும்பம். அவருக்கு நான் அனுப்பும் செய்தியில் படித்துவிட்டதாக நீலக் கோடு விழும், பதில் வராது. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. விவரம் முழுதாக இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

பிறகு ஒருநாள் உங்கள் தம்பி ஊருக்கே திரும்பிவிடுவதாகச் சொன்னான். உங்களிடம் முன்பே சொல்லிவிட்டிருந்தான். அம்மா அவன் அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

"அட்டையை என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல ஒப்படைச்சாத்தான்டா ஊருக்கு விடுவாங்க."

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்லேன்."

"சொன்னா விசாரணை, போலீஸ், அது இதுன்னு ஆறு மாசம் இழுத்தடிப்பாங்க. அம்மா அங்க நாளை எண்ணிட்டு இருக்காங்க."

"அப்ப நான்?"

"நீயும் கிளம்பிடுடா" என்றான்.

"எங்க?"

"எங்க வீட்டுக்கே வா. அம்மா உன்னை வேணாம்னா சொல்லப்போறாங்க?"

நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் அவன் யோசிக்காத ஒன்று இருந்தது. எல்லையில் என் பாஸ்போர்ட்டைக் காட்டினால் இத்தனை காலம் எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். இங்கே சிறை, அதற்குப் பிறகு அங்கே அப்பா வீட்டு வாசல். அவன் அட்டையை ஒப்படைத்த மறுகணம் நான் என்று ஒருவன் எந்தக் கணக்கிலும் இருக்க மாட்டேன். இதை அவனிடம் பொறுமையாக விளக்கினேன். "ஏதாவது வழி பொறக்கும்டா, அதுக்காக மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத" என்றான். அவனுக்கு வழி பிறந்திருந்தது. வழி பிறந்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மழை எச்சரிக்கை. சுற்றுலா எதுவும் இல்லை. வண்டியைச் சர்வீஸ் பார்த்து ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார் மேனேஜர். உங்கள் தம்பிக்கு ஒரு ஆசை வந்தது.

"இத்தனை வருஷம் இந்த ரோட்டுல ஓட்டியிருக்கேன். ஒருநாள்கூட வேடிக்கை பாத்ததில்ல. வளைவு, பிரேக், முன்னாடி போற லாரியோட பின்பக்கம், இதைத்தான் பாத்திருக்கேன். இன்னைக்கு நீ ஓட்டு. நான் ஜன்னல் சீட்டு."

"கேட்ல ரெண்டு பேரையும் சேத்துப் பாத்துடுவாங்க."

"நான் பின்னாடி படுத்துக்கறேன்."

காட்டு எல்லையில் ஒரு கேட் உண்டு. வண்டியில் எத்தனை பேர் என்று கேட்டுத்தான் உள்ளே விடுவார்கள். திரும்பும்போதும் அதே கேள்வி. காட்டில் யாரும் தங்கிவிடக் கூடாது என்பதற்காக. உங்கள் தம்பி கடைசி இருக்கைக்குக் கீழே படுத்து, வண்டி துடைக்கும் துணியை மேலே போட்டுக்கொண்டான். அட்டை என் கழுத்தில் இருந்தது.

"இன்னைக்கு நீ ஒரிஜினல், நான் ஜெராக்ஸ்" என்று துணிக்குள்ளிருந்து சிரித்தான்.

காவலர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "எத்தனை பேரு?"

"ஒருத்தர்தான். டெஸ்ட் டிரைவ்."

"பொண்ணு பாஸ் பண்ணிட்டா" என்றார்.

"சந்தோஷம்ண்ணே."

கேட் திறந்தது. அப்போது என் மனதில் எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஏதாவது இருந்திருந்தால் காவலரிடம் அவ்வளவு இயல்பாகப் பேசியிருக்க முடியாது.

அன்றைக்கு அந்தச் சாலை எப்படி இருந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் உயரமான மரங்கள். மேலே கிளைகள் சேர்ந்து, நடுவில் ஒரு கோடு மாதிரி வானம். மேகம் சாலைக்கே இறங்கி வந்து, வண்டிக்கு முன்னால் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டது. முதல் ஏரி பச்சையாக, கரையில் விழுந்த மரங்களோடு. அவன் முன்னால் வந்து உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிக்கொண்டான்.

"டிரைவர், மெதுவாப் போப்பா. துட்டு குடுத்து வந்திருக்கோம்ல."

"உக்காருங்க சார், மரக்கிளை தலையைத் தட்டிடும்."

"இந்த ஏரிக்கு என்னப்பா பேரு?"

"நீங்கதானே சார் தினம் மைக்ல சொல்லுவீங்க?"

"நான் இஷ்டத்துக்கு ஒரு பேரைச் சொல்லுவேன். எவன் கேக்கப்போறான்?"

இரண்டாவது ஏரியில், இதோ இதே இடத்தில்தான், வண்டியை நிறுத்தச் சொன்னான். தண்ணீர் அசையாமல் இருந்தது. எதிர் மலை தலைகீழாக உள்ளே தெரிந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "இதையெல்லாம் விட்டுட்டுப் போறோமேன்னு இருக்குடா" என்றான். அந்த வார்த்தை என்னை என்னவோ செய்தது. விட்டுவிட்டுப் போகிறவனுக்கு இது இருக்கிறது. விட முடியாதவனுக்கு இல்லை. இதில் எனக்கு நியாயம் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

ஒரு நிமிடம். பயணி ஒருவர் வந்து தண்ணீர்ப் பாட்டில் கேட்டார். கொடுத்தேன். நடுவில் "கதவை மெதுவாச் சாத்துங்க சார்" என்று எழுதியிருந்தால் அது உங்களுக்கு இல்லை.

அருவியில் யாரும் இல்லை. மழைநாள் என்பதால் தண்ணீர் பெரிதாக விழுந்துகொண்டிருந்தது. தடுப்புக் கம்பிக்கு அப்பால் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கும். அதில் நின்றால் அருவி முழுதும் பின்னால் வரும். பயணிகளை அங்கே போக விடமாட்டோம். உங்கள் தம்பி கம்பியைத் தாண்டினான். அம்மாவுக்கு ஒரு வீடியோ வேண்டுமாம். போன் என் கையில்.

அவன் வழுக்கி விழுந்தான். ஈரப் பாறை, தேய்ந்த செருப்பு. யாருக்கும் நடக்கக்கூடியது.

இப்படித்தான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். உங்களிடம் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

சாரல் அடித்து அவன் கண்ணாடி மங்கிவிட்டது. கழற்றி, துடைத்து வை என்று என்னிடம் நீட்டினான். கண்ணாடி இல்லாவிட்டால் அவனுக்கு எதிரே இருப்பவனின் முகமே புகை மாதிரிதான் தெரியும், உங்களுக்குத் தெரியுமே. அருவிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கேட்டான், "அருவி முழுசா வருதாடா? இன்னும் பின்னாடி போலாமா?"

"போலாம்" என்றேன்.

"இன்னும்?"

"இன்னும் ஒரு அடி. இடம் இருக்கு."

இடம் இல்லை. அது எனக்குத் தெரிந்தது. ஆனால் அக்கா, நான் அவனைத் தொடவில்லை. கேட்டான், சொன்னேன். வேறு யாராவது அங்கே நின்றிருந்தால் அவர்களையும் கேட்டிருப்பான்.

அவன் உடனே கீழே போய்விடவில்லை. பாறை இடுக்கில் ஒரு மரத்தின் வேர் வெளியே வந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டான். நான் குனிந்து கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். அருவிச் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்காது என்று நினைப்பீர்கள். நன்றாகக் கேட்டது.

"டேய், கையைக் குடுடா" என்றான். கண்ணாடி இல்லாததால் நான் இருந்த பக்கத்தை விட்டு வேறு பக்கம் பார்த்துப் பேசினான். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எங்கே நிற்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். கேட்டைப் பற்றி யோசித்தேன். உள்ளே வந்தது ஒருவர். வெளியே போகவேண்டியதும் ஒருவர். ஆபீஸ் கணக்கில் ஒருவர், அட்டையில் ஒருவர். எல்லாக் கணக்கும் ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது. நான் கை நீட்டினால்தான் தப்பாகும்.

சத்தம் வராததைப் பார்த்துவிட்டு, நான் உதவிக்கு ஆள் கூப்பிட ஓடிவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டான். "சரி, சரி, ஓடு. நான் புடிச்சிட்டுதான் இருக்கேன். பதட்டப்படாம போயிட்டு வா" என்று கத்தினான். என்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டேதான் இருந்தான், கடைசிவரை. அது எனக்குப் பெரிய ஆறுதல். உங்களுக்கும் ஆறுதலாக இருக்கும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

வேர் அறுந்த பிறகும் சற்று நேரம் அங்கேயே நின்றேன். அருவி விழும் தடாகம் ஆழமானது. பயணிகளிடம் உங்கள் தம்பி சொல்லும் ஜோக் ஒன்று உண்டு, "தொப்பி பத்திரம் சார், இந்த அருவி வாங்கினா திருப்பிக் குடுக்காது." எல்லோரும் சிரிப்பார்கள். இப்போது நான் சொல்கிறேன். எனக்கும் சிரிக்கிறார்கள்.

கேட்டில் காவலர் கேட்டார், "ஒருத்தர்தானே?"

"ஒருத்தர்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் எளிதாக நடந்தது. மேனேஜரிடம், ஊருக்குப் போகவில்லை, மனசு மாறிவிட்டது என்றேன். "பொழச்சேன்ப்பா" என்றார். பேக்கரிக்காரரிடம் அவன் விமானம் ஏறிவிட்டான் என்றேன்.

"என்கிட்ட சொல்லாமலா போனான்? அட்டை?"

"எனக்காக விட்டுட்டுப் போனான்."

"தங்கமான பையன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா" என்றேன். எனக்கும் அழுகை வந்தது. அது பொய் இல்லை.

உங்களுக்கு, ஆபீஸில் விடவில்லை, தொண்டையில் கட்டி, டாக்டர் பேசக் கூடாது என்றார் என்று எழுதினேன். மலையில் வீடியோவுக்கு சிக்னல் இல்லை என்றேன். முதுகைக் காட்டி நின்று படம் எடுத்து அனுப்பினேன். முதல் ஏரி, இரண்டாவது ஏரி, மேகம், மரங்கள். ஜெராக்ஸ் நன்றாக இருக்கிறானா என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான், நன்றாக இருக்கிறான் என்றேன். கேட்டதற்கு நன்றி அக்கா. என்னை அப்படிக் கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை.

ஒன்றை நீங்களே நியாயமாக எண்ணிப் பாருங்கள். அவன் இருந்தபோது வாரத்துக்கு ஒருநாள் பேசுவான். நான் தினமும் காலையும் மாலையும் எழுதுகிறேன். அம்மா மாத்திரை போட்டாரா என்று அவன் கேட்டதே இல்லை, நான் கேட்காத நாள் இல்லை. உங்களுக்குக் குழந்தை பிறந்தபோது அவனாக இருந்தால் தூங்கியிருப்பான். நான் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வரும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். "தம்பி ரொம்ப மாறிட்டான், பொறுப்பு வந்துடுச்சு" என்று அம்மா சொன்னதாக எழுதினீர்கள். அந்தச் செய்தியை நான் அழிக்கவே இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் நீங்கள் எழுதினீர்கள், அம்மாவுக்குப் பார்வை வேகமாகக் குறைகிறது என்று. நீ அனுப்பும் படத்தில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம் என்று. "கண்ணு மொத்தமா போறதுக்குள்ள அவன் மூஞ்சியைத் தொட்டாவது பாத்துடணும்கறாங்க. டிக்கெட் போட்டாச்சு. நீ லீவெல்லாம் போட வேணாம், உன் வண்டியிலயே எங்களையும் அந்த அருவிக்குக் கூட்டிட்டுப் போ."

மழை என்று எழுதினேன். குடை கொண்டுவருகிறோம் என்றீர்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினேன். அப்படியென்றால் கட்டாயம் வரவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றுவிட்டார். அது என் தவறு. அம்மாவிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆறு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. சாப்பாடு உள்ளே இறங்கவில்லை. வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பாமல் விட்டுவிடலாமா என்று இன்று காலைகூட நினைத்தேன். பின்னால் பயணிகள் இருந்தார்கள், திருப்பினேன்.

பயணிகள் திரும்பி வருகிறார்கள். இன்னும் அருவிக்கு இவர்களைக் கூட்டிப்போக வேண்டும்.

நாளைக்கு நீங்கள் விமானம் ஏறுவீர்கள். இதை அதற்கு முன்னால் படித்தாலும் அம்மாவைத் தடுக்க வேண்டாம். அவருக்கு இருக்கிற ஒரே ஆசை அது. போலீஸிடம் போவதென்றால் போங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அம்மா ஊர் திரும்பிய பிறகு போங்கள். நான் எங்கும் ஓடமாட்டேன். எனக்குப் போக வேறு இடம் இல்லை.

இத்தனை மாதத்தில் அம்மாவை ஒரு நாள்கூட அழவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பிள்ளை அதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. விமான நிலைய வாசலில் நிற்பேன். தாடி அதே அளவுக்கு இருக்கிறது. தொண்டை இன்னும் ஆறவில்லை என்பதால் நான் பேச வேண்டிய தேவையும் இல்லை. உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அம்மாவின் கையை எடுத்து என் முகத்தில் வைத்து, "அம்மா, தம்பி வந்திருக்கான்" என்று மட்டும் சொல்லுங்கள்.